முகப்பில் எரிந்த 66

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டரின் முகப்பில் 66 என்ற எண் பச்சையாக எரிந்துகொண்டிருக்கும். பக்கத்தில் டர்போ என்று ஒரு பட்டன். அழுத்தினால் 66 போய் 33 வரும், திரும்ப அழுத்தினால் மறுபடி 66. தெருப் பிள்ளைகள் வந்தால் முதலில் காட்டுகிற வித்தை இதுதான். "இன்னாடா இது, ஆட்டோ மீட்டரா?" என்று நைனா கேட்டார். மெஷினோட வேகம் என்று சொன்னேன். கம்ப்யூட்டர் சென்டரில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அது 1997. தண்டையார்பேட்டையில் அகஸ்தியா தியேட்டர் பக்கம் வாடகை வீடு. நைனாவுக்கு துறைமுகத்தில் வேலை. அந்தப் பழக்கத்தில் தம்புச் செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் பென்டியம் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டு அதற்கு முந்தைய தலைமுறை 486ஐத் தள்ளிவிடுகிறார்கள் என்று தெரிந்தது. அம்மா எடுத்த சீட்டுப் பணத்தில் 12,000 ரூபாய்க்கு கேபினட், 14 இன்ச் மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் சேர்ந்து வந்தது. கேபினட்டைப் போர்வையில் சுற்றி மீன்பாடி வண்டியில் வைத்து, மானிட்டரை நான் மடியில் பிடித்துக்கொண்டேன். டி.எச். ரோட்டின் ஒவ்வொரு பள்ளத்துக்கும் நைனா வண்டிக்காரரைத் திட்டிக்கொண்டே வந்தார்.

எதிர் வீட்டு அண்ணன் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிற வேலையில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை வந்து மெஷினை ஆன் செய்தார். திரையில் எழுத்துகள் ஓடும்போது கீபோர்டில் பாஸ் (Pause) என்ற கட்டையை அழுத்தினார். ஓடிக்கொண்டிருந்தது அப்படியே நின்றது. அந்தக் கட்டைக்கு ஒரு வேலை இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். நின்ற கட்டத்துக்குள் 486டிஎக்ஸ்2, 50 மெகாஹெர்ட்ஸ் என்று எழுதியிருந்தது.

"முன்னாடி 66 எரியுதே?"

"அது இன்னா நம்பர் வேணா எரியும்டா. தொறந்து பாரு, கடிக்காது."

தரையில் தினத்தந்தியை விரித்து, ஆறு ஸ்க்ரூவைக் கழற்றி, கேபினட்டின் மூடியை இழுத்தார். அந்த எண் பலகைக்குப் பின்னால் குட்டிக் குட்டி ஊசிகள், அவற்றின் மேல் ஜம்பர் என்கிற பிளாஸ்டிக் தொப்பிகள். எந்த ஊசியில் தொப்பியை மாட்டுகிறோமோ அதற்கேற்ற எண் எரியும். கணக்கெல்லாம் போடுகிற ப்ராசஸர் என்ற சிப் எந்த வேகத்தில் ஓடுகிறது என்று அது அளப்பதே இல்லை. அண்ணன் தொப்பிகளை மாற்றி 99 எரியவிட்டுக் காட்டினார். "ஏமாத்திட்டானுங்களா?" என்று நைனா எழுந்துவிட்டார். "அவங்களுக்கே தெரிஞ்சிருக்காது நைனா. அசெம்பிள் பண்ணவன் வெச்சதுதான்" என்றார் அண்ணன்.

டர்போ பட்டன் கதையும் இப்படித்தான். பெயரைப் பார்த்தால் வேகத்தைக் கூட்டுகிற மாதிரி இருக்கும். உண்மையில் அது வேகத்தைக் குறைக்க வைத்த பட்டன். ஐபிஎம்மின் முதல் பிசி 4.77 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. அந்த வேகத்தை நம்பி எழுதப்பட்ட விளையாட்டுகளைப் புது மெஷினில் போட்டால் கண்மூடித் திறப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். அதற்காக மெஷினை மந்தமாக்க ஒரு வழி வைத்தார்கள், அதற்கு டர்போ என்று பெயரும் வைத்தார்கள். விளம்பரக்காரர்கள் அன்றும் இன்றும் ஒரே ஜாதிதான்.

இப்போது தண்டையார்பேட்டையிலேயே சின்னதாக ஒரு சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். "ஐ7 லேப்டாப் சார், ஆனா ரொம்ப ஸ்லோ" என்று வாரத்துக்கு ஒருவராவது வருகிறார். ஸ்டிக்கரில் ஐ7 என்று ப்ராசஸர் பெயர் இருக்கும். உள்ளே பார்த்தால் ஐ7-5500யூ, ஐந்தாம் தலைமுறை, 2015 வாக்கில் வந்தது, உள்ளே வேலை செய்கிற கோர் இரண்டே இரண்டு. அதே பணத்துக்கு ஐ3-1215யூ போட்ட பழைய லேப்டாப் கிடைத்தால் அதில் ஆறு கோர் இருக்கும். ஐ3 என்ற பெயருக்காகவே அதை வேண்டாம் என்று வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். கோடுக்குப் பிறகு வரும் எண்ணைப் பாருங்கள். 5500 என்றால் ஐந்தாம் தலைமுறை, 8250 என்றால் எட்டு, 1215 என்றால் பன்னிரண்டு. இன்டெல்லின் இந்த வரிசைக்கு இந்தக் கணக்கு சரியாக வரும். புதிதாக அல்ட்ரா என்று வருபவற்றுக்கு வராது.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பது பெரும்பாலும் இன்டெல்லின் எட்டாம் தலைமுறையிலிருந்துதான், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். ஆபீஸ்களிலிருந்து கழிக்கப்பட்ட எட்டாம் தலைமுறைக்கு முந்தைய லேப்டாப்புகள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன என்றால் அதற்குக் காரணம் இதுதான். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ள மனம் இருந்தால் தாராளமாக வாங்கலாம். விண்டோஸ்தான் வேண்டும் என்றால் தொடாதீர்கள்.

அந்த 486ல் ராம், அதாவது வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம், 8 எம்பி. இப்போது சாதாரண போனில் 8 ஜிபி, சரியாக 1,024 மடங்கு. ஹார்ட் டிஸ்க் 420 எம்பி. ஃபிளாப்பி 1.44 எம்பி. இன்றைய போனில் எடுக்கிற ஒரு போட்டோ அந்த ஃபிளாப்பியில் ஏறாது. இந்த எண்களைச் சொன்னால் என் அக்கா பையன் சிரிக்கிறான். ஆனால் அதில் நான் கடிதம் அடித்தேன், லோட்டஸில் கணக்குப் போட்டேன், ஃபாக்ஸ்ப்ரோவில் பக்கத்து அரிசி மண்டிக்கு ஸ்டாக் ப்ரோக்ராம் எழுதிக் காசு வாங்கினேன். அந்த மெஷின் செய்யாத வேலை என்று பார்த்தால் வீடியோவும் இன்டர்நெட்டும்தான். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் ஸ்க்ரீனில் ஒரு எழுத்தை அடித்தால் அது உடனே விழும். இன்று என் கடை கம்ப்யூட்டரில் பில்லிங் சாஃப்ட்வேர் திறக்கிற நேரத்தில் அந்த மெஷினில் பில்லே அடித்து முடித்திருப்பேன். வன்பொருள் ஆயிரம் மடங்கு வளர்ந்ததை மென்பொருள்காரர்கள் முக்கால்வாசி சாப்பிட்டுவிட்டார்கள் என்பது என் வயிற்றெரிச்சல்.

இன்டர்நெட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அன்றைய அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்குத் திறந்துவிட்டாலும், எங்கள் தெருவுக்கு அது பிரவுசிங் சென்டராகத்தான் வந்தது. டெலிபோன் லைனில் ஓடும் 56கே மோடத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தாலே நொடிக்கு 7 கிலோபைட்டுக்கு மேல் வராது. 4 எம்பி போட்டோ ஒன்று இறங்கப் பத்து நிமிஷம். மணிக்கு 40 ரூபாய் கொடுத்து அதில் பாதியைக் காத்திருப்பதில் கழித்தோம்.

வடசென்னையில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டு எதிரிகள் உண்டு. எர்த் இல்லாத பழைய வீடும், உப்புக் காற்றும்.

எர்த் விஷயம் அம்மா மூலம் தெரிந்தது. ஈரக் கையோடு கேபினட்டைத் துடைத்தவர் "ஐயோ" என்று கத்தினார். ஆயுத பூஜைக்கு ஃபிளாப்பி டிரைவின் பட்டன் மேலேயே சந்தனப் பொட்டு வைத்த நைனா, அன்றிலிருந்து அதன் பக்கமே போகவில்லை. மெஷினில் கோளாறு எதுவுமில்லை. மெஷினுக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸில் மின் இரைச்சலை வடிகட்டுவதற்காக லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் இரண்டு சின்ன கெப்பாசிட்டர்கள் கேபினட்டின் உலோக உடம்போடு இணைக்கப்பட்டிருக்கும். எர்த் ஒழுங்காக இருந்தால் அந்தக் கசிவு பூமிக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் உடம்பு முழுக்க 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி நிற்கும். ஓடுகிற மின்சாரம் ரொம்பச் சிறியது, சுருக்கென்று குத்தும். ஆனால் அந்த நிலையில் பிரின்டர் கேபிளைச் செருகினால் போர்ட் போய்விடலாம். எங்கள் வீட்டில் மூன்றாவது ஓட்டை வெறும் அலங்காரம், பின்னால் வயரே இல்லை. தெரு எலக்ட்ரீஷியன் குழி தோண்டி, ஜிஐ பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடிய பிறகுதான் குத்துவது நின்றது.

இதைப் பழங்கதை என்று தள்ளிவிட வேண்டாம். அலுமினிய உடம்பு லேப்டாப் சார்ஜில் இருக்கும்போது மணிக்கட்டில் எறும்பு ஊறுகிற மாதிரி இருக்கிறது என்று இன்றும் வந்து சொல்கிறார்கள். சார்ஜரின் மூன்று பின்னை இரண்டாக மாற்றுகிற அடாப்டரை மாட்டியிருப்பார்கள், அல்லது சுவரில் எர்த் செத்திருக்கும். லேப்டாப்பைக் கடைக்குத் தூக்கி வருவதற்கு முன் எலக்ட்ரீஷியனை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். செலவு குறைவு, ஃபிரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் சேர்த்து நல்லது.

உப்புக் காற்று மெதுவாக வேலை செய்யும். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் கடலோரத் தெருக்களிலிருந்து வரும் கேபினட்டுகளில் ஸ்க்ரூ துருப்பிடித்து சுற்றவே சுற்றாது. மணலி, எண்ணூர் பக்கம் என்றால் உள்ளே கறுப்புத் தூசி சேர்த்தி. ஆன் செய்தால் திரை வராமல் பீப் பீப் என்று விடாமல் கத்தினால் பெரும்பாலும் ராமின் கால்கள் மங்கியிருக்கும். அண்ணன் கற்றுக்கொடுத்த வைத்தியம்: பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபினட்டின் உலோகத்தை ஒருமுறை தொட்டுவிட்டு, ராமைக் கழற்றி, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் அந்தக் கால்களைத் தேய்த்து, தூள் உள்ளே விழாமல் ஊதி மாட்டுவது. முன்னே உலோகத்தைத் தொடச் சொல்வது நம் உடம்பில் சேர்ந்திருக்கும் நிலை மின்சாரம் சிப்பைச் சுடாமல் இருப்பதற்கு. இந்த வைத்தியம் இன்றைய டெஸ்க்டாப்பிலும் பலிக்கிறது. கழற்றக்கூடிய ராம் இருக்கிற லேப்டாப்பிலும் பலிக்கிறது.

கழற்றக்கூடிய என்று சொன்னேன் அல்லவா, அன்றைக்கும் இன்றைக்கும் நான் பார்க்கிற பெரிய வித்தியாசம் அங்கேதான். அந்த 486ல் ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் எதையும் மாற்றலாம். ப்ராசஸர்கூட சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும். நான் அதில் படித்ததெல்லாம் அது கெட்டுப்போனபோது படித்ததுதான். இன்றைய மெல்லிய லேப்டாப்புகளில் ராமை போர்டோடு பற்றவைத்துவிடுகிறார்கள். விவரப் பட்டியலில் எல்பிடிடிஆர் என்று ஆரம்பித்தால் பெரும்பாலும் அப்படித்தான். வாங்கும்போது 8 ஜிபி என்றால் சாகும்வரை 8 ஜிபி. நாலு வருஷம் கழித்து "கொஞ்சம் ராம் ஏத்திக்குடு தம்பி" என்று வருகிற அப்பாக்களிடம் முடியாது என்று சொல்வது எனக்குப் பழகவே மாட்டேன் என்கிறது. கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கு வாங்குகிறீர்கள் என்றால், ராமுக்கு ஒரு ஸ்லாட்டாவது காலியாக இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் தெரியாது என்றால், கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போனால் மெமரி என்ற இடத்தில் எத்தனை ஸ்லாட் இருக்கிறது, எத்தனை நிறைந்திருக்கிறது என்று தெரியும். பற்றவைத்த ராமையும் சில மாடல்களில் ஸ்லாட் கணக்கிலேயே காட்டும் என்பதால் மாடல் எண்ணைப் போட்டு நிறுவனத்தின் தளத்திலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இந்த ஊரில் பல வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டர் அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்தான். 2011 செப்டம்பரில் தொடங்கி எல்காட் என்ற அரசு நிறுவனம் வழியாக வந்தவை. மூடியில் அரசு முத்திரையோடு இன்னும் என் கடைக்கு வருகின்றன. கீல் உடைந்திருக்கும், பேட்டரி செத்திருக்கும், ஆனால் பெரும்பாலானவற்றை எனக்குப் பிடிக்கும், காரணம் அவற்றைத் திறக்க முடியும். பின்மூடியைக் கழற்றி சுழலும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு சுழலும் பாகம் இல்லாமல் சிப்பிலேயே சேமிக்கும் சாட்டா எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டால், அதே மெஷின் வேறு மெஷின் ஆகிவிடும். ஹார்ட் டிஸ்க்கில் ஊசி ஓடிப்போய் ஒரு தகவலைத் தேடிப் பிடிக்கப் பத்து மில்லிசெகண்ட் அளவுக்கு ஆகும். எஸ்எஸ்டியில் அது நூறில் ஒரு பங்கு. "ஸ்லோ" என்று வருகிற பழைய மெஷின்களில் பாதிக்கு மேல் ப்ராசஸர் மேல் பழியே இல்லை. ஒரு லேசான லினக்ஸ் போட்டுக் கொடுத்தால் பிள்ளைகள் பாடம் பார்க்க, டைப் அடிக்க, பயோடேட்டா தயார் செய்யத் தாராளமாகப் போதும்.

தமிழில் டைப் அடித்து வைத்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்தில் வண்ணாரப்பேட்டை டிடிபி கடைகளில் ஒவ்வொரு ஃபான்ட்டும் தனித் தனி ஏற்பாடு. பாமினி என்ற ஃபான்ட்டில் புள்ளி வைக்க அரைப்புள்ளிக் கட்டையை அடிப்போம். அந்த ஃபான்ட் இல்லாத மெஷினில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் விசைப்பலகையை ஒழுங்குபடுத்தினார்கள், பிறகு எல்லா மெஷினுக்கும் பொதுவான யூனிகோட் வந்து பிரச்சினை தீர்ந்தது. பழைய ஃபைல்கள் மட்டும் தானாக மாறவில்லை. சங்கத்து மினிட்ஸ், கோயில் கும்பாபிஷேக மலர், தாத்தா சொல்ல எழுதிவைத்த குடும்ப வரலாறு என்று எதுவாவது அப்படி இருந்தால், மாற்றித் தருகிற இலவச மென்பொருள்கள் இருக்கும்போதே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். எந்த ஃபான்ட்டில் அடித்தது என்ற நினைவும் ஆளோடு போய்விடும்.

ஃபிளாப்பி பூஞ்சை பிடித்துப் போனது. சிடி உரிந்து போனது. ஹார்ட் டிஸ்க்காவது சாகும் முன் டக் டக் என்று சத்தம் கொடுக்கும். எஸ்எஸ்டி சொல்லாமல் போய்விடும், அதோடு மின்சாரமே கொடுக்காமல் வருஷக்கணக்கில் பீரோவில் வைத்தால் பென் டிரைவும் எஸ்எஸ்டியும் மெல்ல மறந்துபோகும். கல்யாண போட்டோ பென் டிரைவில் பத்திரமாக இருக்கிறது என்று நினைப்பவர்கள் இன்னும் இரண்டு பிரதி எடுங்கள், ஒன்றாவது வேறு வீட்டிலோ கிளவுடிலோ இருக்கட்டும்.

வேறு வீடு என்று சொல்வதற்குக் காரணம் மழை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கமிருந்து சாக்கடைத் தண்ணீரில் ஊறிய லேப்டாப்புகள் கடைக்கு வந்தன. அவற்றில் பிழைத்தவை எல்லாம் யாரும் ஆன் செய்து பார்க்காமல் கொண்டுவந்தவை. தண்ணீர் மட்டும் சிப்பைக் கொல்லாது, தண்ணீர் இருக்கும்போது ஓடுகிற மின்சாரம்தான் கொல்லும். பேட்டரி கழற்ற முடிந்தால் கழற்றுங்கள். அரிசியில் புதைப்பது, ஹேர் டிரையரில் சுடுகாற்று அடிப்பது இரண்டும் வேண்டாம். உப்பும் சேறும் அப்படியே ஒட்டிக் காய்ந்து அரிக்கத் தொடங்கிவிடும். பிரித்து ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் கழுவிக் காயவிட வேண்டும், கடைக்காரரிடம் விடுங்கள். போர்டு போனாலும் டிஸ்க்கில் இருப்பதைப் பல சமயம் எடுத்துவிடலாம். டிஸ்க்கும் பற்றவைக்கப்பட்ட மாடல் என்றால் அதுவும் சிரமம்.

மறுபடி எண்களுக்கு வருகிறேன். பிறகு அந்த 486க்கு 1.2 ஜிபி ஹார்ட் டிஸ்க் வாங்கி மாட்டியபோது மெஷின் அதில் 528 எம்பியைத்தான் பார்த்தது. அன்றைய பயாஸ், அதாவது மெஷினை ஆன் செய்ததும் முதலில் ஓடும் உள் மென்பொருள், டிஸ்க்கின் பாகங்களை 1,024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டருக்கு மேல் எண்ணாது. செக்டருக்கு 512 பைட் என்று பெருக்கினால் அவ்வளவுதான் வரும். தனியாக ஒரு மென்பொருள் போட்டுத்தான் மீதியைத் திறந்தோம். இன்றைக்கு 512 ஜிபி எஸ்எஸ்டியை மாட்டினால் விண்டோஸ் 476 என்று காட்டும். அதில் மோசடி இல்லை, கம்பெனி ஆயிரத்தால் எண்ணுகிறது, விண்டோஸ் 1,024ஆல் வகுக்கிறது. ஆனால் நடைபாதையில் சில நூறு ரூபாய்க்கு 2 டிபி பென் டிரைவ் என்று விற்கிறார்களே, அது சுத்த மோசடி. கொஞ்ச ஜிபி சிப்பை வைத்து, 2 டிபி என்று பொய் சொல்லும்படி உள்ளே மாற்றியிருப்பார்கள். காப்பி ஆகிற மாதிரியே ஆகும், திறக்கும்போது ஃபைல் இருக்காது. முழுக்க எழுதித் திரும்பப் படித்துச் சோதிக்கிற ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. எந்தப் பென் டிரைவ் வாங்கினாலும் முதல் வேலையாக அதை ஓட்டுங்கள்.

செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கப் போகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான். கடையில் வைத்தே ஆன் செய்யச் சொல்லுங்கள், கூட்டம் என்றாலும் விடாதீர்கள். டாஸ்க் மேனேஜரில் ப்ராசஸரின் முழுப் பெயரைப் படியுங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஒரு பென் டிரைவில் எடுத்துப் போனால் எஸ்எஸ்டி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று ஒரு நிமிஷத்தில் தெரியும். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு கால் மணி நேரம் வீடியோ ஓடவிட்டு பேட்டரி எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். எல்லா யூஎஸ்பி போர்ட்டிலும் மவுஸைச் செருகிப் பாருங்கள். இதற்கெல்லாம் முகம் சுளிக்கிற கடையில் வாங்க வேண்டாம், அடுத்த கடை பக்கத்திலேயே இருக்கும். ரசீதில் "ஐ5 லேப்டாப்" என்று மட்டும் எழுதினால் ஏற்காதீர்கள். ப்ராசஸரின் முழு எண், ராம், எஸ்எஸ்டி அளவு, அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பர், எத்தனை மாத வாரன்டி என்பதையெல்லாம் எழுதி வாங்குங்கள். ஸ்டிக்கர் உரிந்திருந்தால் பயாஸுக்குள் போய் அந்த சீரியல் நம்பரைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள்.